நாகை முதல் செமினி வரை: ஒரு தொலைவின் வரலாறு

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று பள்ளி மாணவன் ஒருவனைக் கேட்டால், அவன் நிலப்படத்தை விரித்து, அளவுகோலை வைத்து அளந்து விடை கூறிவிடுவான். வான்வழியில் அது ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளியிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் வரும். இன்றைய பயணிகள் விமானம் நடுவானில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திற் செல்வது. எனவே பறக்கும் நேரம் மூன்று மணிக்குச் சற்று மிகும். ஓடுபாதையில் ஊர்ந்து செல்வதும், மேலெழுவதும், இறங்குமுன் வேகத்தைத் தணிப்பதும் சேர, பயணம் நான்கு மணி அளவில் முடிவுறும். காலை உணவைச் சென்னையில் உண்டவர் மாலைத் தேநீரைக் கோலாலம்பூரில் அருந்தலாம்.

கணக்கு என்ற அளவில் இவ்விடை சரியானதே. எனினும் இந்த மண்ணில் வாழும் தமிழரின் வரலாற்றை அறிய இவ்விடை மட்டும் போதாது. கடல் அகன்றதும் இல்லை, சுருங்கியதும் இல்லை. ஆனால் அதைக் கடக்க எடுத்த காலம் முப்பது நாளாக இருந்தது. பின்னர் ஐந்தாறு நாளாயிற்று. இன்று நான்கு மணியாகியுள்ளது. அதே வேளையில், கடந்து வந்தவர் மீண்டும் திரும்பிச் செல்ல இயன்றதா என்ற வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கிடைத்துள்ளது. காலம் குறைந்த போதெல்லாம் வழி எளிதாயிற்று என்று கொள்ளுதல் தவறாகும். இவ்வுண்மையை விளக்க ஒரு பெருநகரை விட ஒரு தோட்டப்புறத்தை எடுத்துக்கொள்வதே பொருத்தம். அவ்வகையில் செமினி நல்ல சான்றாக அமைகிறது.

கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே, காஜாங்கிலிருந்து சிரம்பான் நோக்கிச் செல்லும் பழைய சாலையில் உள்ள ஊர் செமினி. சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் சுற்றுப்புறம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் இரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது. அத்தோட்டங்களின் லயங்களிற் குடியிருந்தோரில் மிகப் பலர் தமிழர். அவர்களுடைய முன்னோர் எவ்வழியாக, எத்தனை நாளில் அங்கு வந்து சேர்ந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காற்றை நம்பிய காலம்

தமிழகத்திற்கும் மலாயத் தீவக்குறைக்கும் இடைப்பட்ட கடல்வழி ஆங்கிலேயர் வகுத்ததன்று. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பயணம் செய்த இத்சிங் என்னும் சீனத் துறவி, தம் காலத்தில் வாழ்ந்த துறவியரின் பயணங்களைத் தொகுத்து எழுதினார். அவருள் வூ ஷிங் என்பவர், இன்றைய கெடா எனக் கருதப்படும் துறையிலிருந்து மேற்கு நோக்கி முப்பது நாள் கடலிற் சென்று, நாகப்பட்டினம் என அறிஞர் அடையாளம் கண்டுள்ள துறையை அடைந்தார் என்பது அந்நூலில் வரும் செய்தி. நாகைக்கும் மலாயாவின் மேற்குக் கரைக்கும் இடைப்பட்ட பயணக் காலத்தை எண்ணாற் குறிக்கும் மிகப் பழைய செய்திகளுள் இது ஒன்றாகும்.

கெடாவைத் தமிழர் கடாரம் என்றனர். முதலாம் இராசராசன் காலத்தில், ஸ்ரீவிசய மன்னனின் பெயரால் நாகையில் சூடாமணி விகாரம் எழுந்தது; அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறும். அவன் மகன் முதலாம் இராசேந்திரன் ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டளவில் அதே கடல்வழியே படையெடுத்துக் கடாரத்தை வென்றான். நட்பும் வணிகமும் போரும் ஒரே வழியிற் சென்று வந்தன.

அக்காலத்துப் பாய்மரக் கப்பலுக்குப் பருவக்காற்றே பொறி. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே செல்ல உதவும். வடகிழக்குப் பருவக்காற்று மேற்கே திரும்ப உதவும். ஒரு காற்றைத் தவறவிட்டவர் அடுத்த காற்றுக்காக மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே முப்பது நாள் என்பது கடலில் கழிந்த காலம் மட்டுமே. போய்வரும் பயணத்திற்கு ஓராண்டு வேண்டியிருந்தது எனக் கொள்ளலாம். ஆயினும் அன்று சென்ற வணிகனுக்குத் திரும்பும் நாள் தெரிந்திருந்தது. காற்று மாறினால் கப்பல் திரும்பும்; கப்பல் திரும்பினால் அவனும் திரும்புவான். இந்த உறுதி பின்வந்த விரைவுக் கப்பல்களின் காலத்தில் பலருக்கு இல்லாமற் போயிற்று.

நீராவியும் தந்தியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவிக் கப்பல் வங்கக் கடலைக் காற்றின் பிடியிலிருந்து விடுவித்தது. பருவம் எதுவாயினும் கப்பல் குறித்த நாளிற் புறப்படலாம் என்ற நிலை பிறந்தது. 1871-ஆம் ஆண்டு முதல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இயங்கத் தொடங்கியது. மனிதர் கடக்க ஒரு வாரம் எடுத்த கடலைச் செய்தி அன்றே கடந்துவிட்டது. காப்பி விலையும் பின்னர் இரப்பர் விலையும் அவ்வழியே பறந்தன. தோட்டத்துக் குடும்பங்கள் அதனை அரிதாகவே பயன்படுத்தின. லயத்திற்குத் தந்தி வந்தால் ஊரில் யாரோ இறந்துவிட்டனர் என்றே பொருள் கொள்ளப்பட்டது. செய்தி விரைந்து வந்தாலும், இறுதிச் சடங்குக்குச் செல்லும் வழி அதே விரைவில் அமையவில்லை.

காஜாங் வட்டாரத்தில் முதலில் காப்பி பயிரிடப்பட்டது. 1890-களில் கிண்டர்ஸ்லி சகோதரர் அங்குள்ள இன்ச் கென்னத் தோட்டத்தில் இரப்பர் மரத்தை வணிகப் பயிராக நட்டனர். மலாயாவின் இரப்பர்த் தொழிலுக்கு அது ஒரு தொடக்கம். 1897-இல் இரயில் பாதை கோலாலம்பூரிலிருந்து காஜாங் வந்து சேர்ந்தது. 1901-இல் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இவ்வாறு கடற்கரையிலிருந்து செமினியின் அண்மை வரை நீராவி வழி பிறந்தது. செமினிக்கு இரயில் பாதை வரவில்லை. காஜாங்கில் இறங்கி, எஞ்சிய சில மைல்களை மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ கடக்கவேண்டியிருந்தது. பின்னரே லாரி வந்தது.

ஆள் திரட்டும் முறையும் மாறியது. 1907-இல் இந்தியக் குடியேற்ற நிதி நிறுவப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து தொழிலாளரின் கப்பற் செலவு ஏற்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட, கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்குச் சென்று, உறவினரையும் அண்டை வீட்டாரையும் திரட்டிக்கொண்டு வந்தான். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் இவ்வாறு புறப்பட்டன.

மூன்று வாரப் பயணம்

ஒரு தஞ்சைச் சிற்றூர்க் குடும்பம் 1920-களில் செமினிக்கு வந்த வழியைப் படிப்படியாக எண்ணிப் பார்த்தல் பயன்தரும். ஊரிலிருந்து நாகைக்கு இரயிலில் ஒரு நாள். நாகையிலும் சென்னைக்கு அருகில் ஆவடியிலும் குடியேற்ற முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவச் சோதனை, அம்மை குத்துதல், பதிவு ஆகியவை நடைபெற்றன. கப்பல் வரும்வரை சில நாள் தங்கவேண்டும். பின்னர்க் கப்பல்.

நாகைக்கும் பினாங்குக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,260 கடல்மைல். மணிக்கு 12 கடல்மைல் செல்லும் கப்பல் இதனைக் கடக்க 105 மணி நேரம் ஆகும். அதாவது நான்கரை நாளுக்குச் சற்றுக் குறைவு. துறைமுகத்தில் ஆள் ஏற்றும் நேரமும் பினாங்கிலிருந்து தெற்கே போர்ட் சுவெட்டன்ஹாம் வரையுள்ள ஒரு நாள் அளவிலான பயணமும் சேர்ந்தால் ஆறு நாளாகும். இவ்வழியிற் சென்ற கப்பல்களுள் தமிழர் நாவில் நிலைத்த பெயர் ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கழகத்துக்காக 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட இக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. மேல்தளப் பயணிக்கு அறை இல்லை, கட்டில் இல்லை. பாயை விரித்த இடமே குடும்பத்தின் இடம். வெயிலும் மழையும் அலைத்துளியும் அவர்களோடு பயணம் செய்தன.

கப்பல் கரையடைந்த பின்னும் பயணம் முடிந்துவிடவில்லை. காலரா, அம்மை முதலிய நோய்கள் பரவாதிருக்க, மேல்தளப் பயணிகளை நோய்த்தடுப்பு முகாமில் ஒரு வார அளவில் நிறுத்தி வைத்தனர். பினாங்கில் இறங்கியோர் ஜெரெஜாக் தீவிலும், சிலாங்கூருக்கு வந்தோர் போர்ட் சுவெட்டன்ஹாம் முகாமிலும் தங்க வைக்கப்பட்டனர். அறை வகுப்பிற் சென்றோருக்குப் பொதுவாக இந்த முகாம் வாழ்க்கை விதிக்கப்படவில்லை. முகாமிலிருந்து வெளிவந்தோர் இரயிலேறிக் கிள்ளானைக் கடந்து, தமிழ் இரயில்வேத் தொழிலாளர் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் ஓரமாகக் கோலாலம்பூரை அடைந்து, அங்கிருந்து காஜாங் சென்று, இறுதியில் செமினித் தோட்டங்களை அடைந்தனர்.

ஊரிலிருந்து நாகைக்கு ஒரு நாள், அங்கே முகாமில் சில நாள், கடலில் ஆறு நாள், இங்கே முகாமில் ஒரு வாரம், இறுதியாக இரயிலும் வண்டியுமாக ஒரு நாள். கூட்டிப் பார்த்தால் மூன்று வாரத்தை நெருங்கும். இதில் கடலைக் கடக்க எடுத்த காலம் மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது பெரும்பாலும் காத்திருந்த காலம். நீராவி கடலைச் சுருக்கியது உண்மையே. அச்சுருக்கத்தின் பயன் முழுவதும் அறை வகுப்புப் பயணிக்குக் கிட்டியது. ஏழைக்கு அதில் ஒரு பகுதியே வாய்த்தது. ஒரே கப்பலில், ஒரே நாளில் புறப்பட்ட இருவருக்குப் பயணத்தின் நீளம் இவ்வாறு வேறுபட்டது.

திரும்பும் வழி

வருவதற்கான கப்பற் செலவை நிதி ஏற்றுக்கொண்டது. நோயாளிகளும் முதியோரும் வேலையற்றோரும் நிதியின் செலவில் திருப்பி அனுப்பப்பட வழி இருந்தது. ஆனால் பெற்றோரைக் காணவோ, தங்கையின் திருமணத்திற்குச் செல்லவோ விரும்பிய தொழிலாளி தன் சேமிப்பிலிருந்தே சீட்டு வாங்கவேண்டும். போக்குவரத்து எளிதாயிருந்த வட்டாரங்களில் 1920-களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் ஊதியமாக வரையறுக்கப்பட்டன. அதிலிருந்து உணவு, துணி, தோட்டக் கடைக் கடன், கங்காணிக்குத் தரவேண்டிய முன்பணம் ஆகியவை போக எஞ்சியதைச் சேர்த்தே கப்பலேற வேண்டும். மைற்கல்லில் எழுதப்படாத இத்தொலைவைத் தொழிலாளி தன் கைக்காசால் அளந்தான்.

1930-இல் உலகப் பொருளாதார மந்தம் இரப்பர் விலையை வீழ்த்தியது. அப்போது திரும்பும் வழி திடீரெனத் திறந்தது. தொழிலாளி கேட்டதனால் அன்று, முதலாளிக்கு ஆள் தேவையில்லாமையால். 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் ஆள் அழைத்தனர். 1938-இல் உதவி பெற்று வரும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. தோட்டங்களில் ஊதியம் குறைக்கப்பட்டதே அத்தடைக்கு முதன்மையான காரணம். அதன் பின்னர்க் கங்காணி ஊருக்குச் சென்று ஆள் திரட்டும் காலம் முடிவுற்றது.

1941 இறுதியில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. நாகைக் கப்பல்கள் நின்றன. ரஜூலா போர்ப் பணிக்குச் சென்றது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக்காலம் மலாயத் தமிழருக்கும் தமிழகத்துக்கும் இடையே பயணமே இல்லை. இயல்பான கடிதப் போக்குவரத்தும் இல்லை. வங்கக் கடலின் அகலம் மாறாமலே கடக்க முடியாததாயிற்று. அந்நாட்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் வேறொரு திசையிற் கொண்டுசெல்லப்பட்டனர். சயாமையும் பர்மாவையும் இணைக்க இட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதையில் அவர்களுள் மிகப் பலர் மாண்டனர். ஊருக்குத் திரும்பும் வழியும் தோட்டத்துக்குத் திரும்பும் வழியும் அவர்களுக்கு ஒருங்கே அடைபட்டன.

போருக்குப் பின் கப்பல் மீண்டும் வந்தது. ஆயினும் 1948-இல் தொடங்கிய நெருக்கடி நிலை, தொழிலாளியின் நடமாட்டத்தைத் தோட்டத்தின் எல்லையிலேயே கட்டுப்படுத்தியது. காட்டிலிருந்த கொரில்லாப் படையினருக்கு உணவு செல்லாதிருக்க, வேலைக்குப் புறப்படுவோரைக் கம்பி வேலிக் கதவருகே சோதனையிட்டனர். செமினியில் பால்மரம் சீவச் சென்ற பெண்களைச் சோதனையிட்ட முறை பற்றிக் கண்டனம் எழுந்து, 1956-இல் அரசு விசாரணை நடத்த நேர்ந்தது. கடல் கடந்து வந்தவர்களும் இங்கேயே பிறந்தவர்களும் தாம் வேலை செய்யும் மரத்தடிக்குச் செல்லவே ஒரு சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டியிருந்தது என்பதை இவ்வூரின் வரலாறு நினைவூட்டுகிறது.

1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோருக்குக் கதவை ஏறக்குறைய அடைத்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் இந்நாட்டவர் ஆயினர்; கல்வியின்மையாலும் வழிகாட்டுவார் இன்மையாலும் விண்ணப்பிக்காதோரும் பலர் இருந்தனர். 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை அற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டுத் தேவைப்பட்டது. அதனைப் பெற இயலாத பல்லாயிரவர் 1969, 1970 ஆண்டுகளில் கப்பலேறி இந்தியா சென்றனர். பிள்ளைகள் இங்கும் பெற்றோர் அங்குமாகப் பிரிந்த குடும்பங்களும் இருந்தன. சீட்டு வாங்கக் காசின்றித் திரும்ப இயலாதிருந்த தலைமுறைக்குப் பின், திரும்ப விரும்பாமலே கப்பலேறிய தலைமுறை வந்தது.

வானில் ஒரு வழி

இதே காலத்தில் மற்றொரு வழி வானில் திறந்துகொண்டிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை வந்த இம்பீரியல் ஏர்வேஸ் விமானம், கல்கத்தா, இரங்கூன் வழியே நிலத்தை ஒட்டி வந்தது. வங்கக் கடலை நேராகக் குறுக்கே கடக்கும் அளவுக்கு அன்றைய பயணிகள் விமானம் வளரவில்லை. 1947-இல் மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களை இணைத்தது. 1954-இல் ஏர் இந்தியா சிங்கப்பூருக்குத் தன் சேவையைத் தொடங்கியது. 1965 ஆகஸ்டில் சுபாங் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதை அக்காலத்தில் தென்கிழக்காசியாவிலேயே மிக நீண்டது எனப் பெயர் பெற்றது.

சுபாங் திறந்த எட்டு மாதத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைப் பேராசிரியராக விளங்கிய தனிநாயக அடிகளாரின் முயற்சி அதன் உயிர்நாடி. பல கண்டங்களைச் சேர்ந்த தமிழறிஞர் சில நாட்களுக்கு ஓரிடத்தில் கூடிக் கலைவதற்கு விமானப் போக்குவரத்து பெருந்துணை செய்தது. கப்பலை மட்டுமே நம்பியிருந்தால், போகவும் வரவும் வாரக்கணக்கில் ஒதுக்கவேண்டிய அறிஞர் பலர் வந்திருத்தல் அரிது. தமிழாய்வின் உலகத் தொடர்புக்கு விமானம் செய்த உதவி இவ்வகையிற் பெரிது.

ஆனால் அதே 1966-இல் தோட்டத் தொழிலாளி கப்பலையே நம்பியிருந்தான். ஒரே கடலைக் கடக்க ஒருவருக்குச் சில மணி, மற்றவருக்கு ஒரு வாரம் என்ற நிலை இருபதாண்டு நீடித்தது. ரஜூலா 1973 வரை இவ்வழியில் ஓடி ஓய்ந்தது. அதே காலப்பகுதியில், பிரான்சில் கட்டப்பட்ட ‘பாஸ்தர்’ என்ற கப்பலை இந்தியக் கப்பற் கழகம் வாங்கி, ‘சிதம்பரம்’ எனப் பெயரிட்டு இவ்வழியில் விட்டது. 1985 பிப்ரவரியில் சென்னையை நெருங்கிய வேளையில் அக்கப்பல் தீப்பற்றியது, பலர் உயிரிழந்தனர். கப்பல் மீண்டும் ஓடவில்லை. வூ ஷிங் வந்த வழியில், நாகைக்கும் மலாயாவின் மேற்குக் கரைக்கும் இடையே நடந்து வந்த பயணிகள் கப்பற் போக்குவரத்து அதனோடு ஓய்ந்தது எனலாம்.

விமானமும் ஏறத்தாழக் கப்பலின் வழியையே பின்பற்றுகிறது என்பது மாணவர்க்கு வியப்பளிக்கக்கூடும். சென்னையையும் கோலாலம்பூரையும் இணைக்கும் நேர்கோடு பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனையை ஒட்டிச் சென்று, சுமத்திராவின் வடபகுதியைத் தொட்டு, மலாக்கா நீரிணையின் மேலாக வருகிறது. நாகைக் கப்பலும் அத்தீவுக்கும் சுமத்திராவுக்கும் இடையே உள்ள நீர்வழியாகவே நீரிணைக்குள் நுழைந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் மாலுமி கண்ட இடைவெளிக்கு மேலேதான் இன்றும் பயணி பறக்கிறார்.

கடிகாரமும் இங்கே ஒரு பாடம் கற்பிக்கிறது. மலேசியத் தீவக்குறை 1982 சனவரி முதல் நாள் தன் நேரத்தை அரை மணி முன்தள்ளிக்கொண்டது. அதனால் இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இடையே இருந்த இரண்டு மணி வேறுபாடு இரண்டரை மணியாயிற்று. சென்னையில் நள்ளிரவிற் புறப்படும் விமானம் நான்கு மணி பறந்து, கோலாலம்பூர் நேரப்படி காலை ஆறரைக்கு இறங்கும். கோலாலம்பூரில் காலை ஒன்பது மணிக்குப் புறப்படுவது சென்னை நேரப்படி பத்தரைக்கே இறங்கிவிடும். கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு வருவது ஆறரை மணிப் பயணமாகவும் போவது ஒன்றரை மணிப் பயணமாகவும் தோன்றும். தொலைவைக் காலத்தால் அளக்கும்போது எவருடைய கடிகாரத்தால் அளப்பது என்ற வினா எழுவதை இவ்வெளிய கணக்கு உணர்த்தும்.

தோட்டத்தின் அண்டையில் விமான நிலையம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விமான நிலையமே செமினியை நோக்கி வந்தது. 1998 சூனில் சிப்பாங்கில் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. எண்ணெய்ப்பனை வளர்ந்த பெருநிலப்பரப்பு ஓடுபாதையாயிற்று. செமினியிலிருந்து அந்நிலையம் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவே. முன்னோர் இறங்கிய துறைமுகமோ, 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது, நேர்கோட்டில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாட்டின் வாயில் கடற்கரையை விட்டுத் தோட்டப்புறத்திற்கு இடம்பெயர்ந்தது.

அதே காலத்தில், 1995 முதல், புத்ராஜெயா நகரம் எழுந்தது. அது பெராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலம். அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் பகுதியில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. அவர்களின் முன்னோர் கடல் கடந்து வந்து திருத்திய நிலத்தில் நாட்டின் ஆட்சித் தலைநகர் அமைந்தது. அவர்கள் சென்ற தொலைவு சில கிலோமீட்டர்தான். ஆனால் கோயிலையும் பள்ளியையும் அண்டை வீட்டையும் விட்டு விலகியவர்களுக்கு அத்தொலைவு சிறிதன்று.

செமினியும் மாறியது. இரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. 2005-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை அங்குத் தன் வளாகத்தை அமைத்தது; அயல்நாட்டு மாணவர் விமானத்தில் வந்து இறங்கி அங்குக் கல்வி பயில்கின்றனர். தோட்டத்தின் நினைவைத் தாங்கி நிற்பவற்றுள் தமிழ்ப்பள்ளிகள் முதன்மையானவை. ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயரில் ‘தோட்டம்’ என்ற சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. பால்மரத்தைக் காணாத மாணவரும் அப்பெயரைத் தம் ஏட்டில் எழுதி வருகின்றனர்.

சுருங்கிய தொலைவும் மறந்த ஊரும்

இன்று செமினியில் வாழும் தமிழர் ஒருவர் வீட்டிலிருந்து புறப்பட்டு அன்றைக்கே திருச்சியில் இறங்கலாம். அவருடைய பாட்டனார் மூன்று வாரம் எடுத்த வழி அது. ஆனால் அங்கே இறங்கியபின் எந்த ஊருக்குச் செல்வது என்று கேட்டால், விடை கூற இயலாதார் பலர். மாவட்டத்தின் பெயர் நினைவிருக்கலாம்; ஊரின் பெயர் மறைந்திருக்கும். கப்பற் காலத்தில் போக இயலாதவர்களும் கடிதம் எழுதினர். எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதுவித்தனர். உறையின் மேல் ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று நான்கு வரி இருந்தது. அந்நான்கு வரியை மனப்பாடமாக அறிந்திருந்தவர் மறைய, முகவரியும் மறைந்தது. பயணம் வாரத்திலிருந்து மணிக்குச் சுருங்கிய காலத்திலேயே இம்மறதியும் வளர்ந்தது. இதற்கு விமானத்தைக் குறை கூறுதல் பொருந்தாது. போர், சட்டம், வறுமை ஆகியவை இரண்டு தலைமுறைக்காலம் போக்குவரவைத் தடுத்தன. வழி எளிதான நாளில், சென்று காண்பதற்குரிய உறவு பலருக்கு எஞ்சியிருக்கவில்லை.

விரைவு நிலையானது என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் மலேசியாவும் இந்தியாவும் அடுத்தடுத்துத் தம் எல்லைகளை அடைத்தன. நான்கு மணி வழி சில நாட்களுக்குள் இல்லாமற் போயிற்று. பின்னர்ச் சிறப்பு விமானத்தில் வந்தோர் தனிமைப்படுத்தல் மையங்களில் நாள் எண்ணிக் காத்திருந்தனர். ஜெரெஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாம் முகாமிலும் முன்னோர் காத்திருந்த நாட்கள் வேறு உருவில் மீண்டன. 2022 ஏப்ரலில் மலேசிய எல்லை முழுமையாகத் திறக்கும்வரை, பெற்றோரின் இறுதிச் சடங்கைத் தொலைபேசித் திரையிற் கண்டு அழுதவர் இரு கரையிலும் இருந்தனர். தந்தி வந்த நாளில் லயத்தில் அமர்ந்து அழுதவரின் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் வேறுபாடு பெரிதில்லை.

ஆதலின் இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கற்பிக்கும்போது, கிலோமீட்டரையும் மணியையும் மட்டும் கூறி நிறுத்திவிடலாகாது. யார் சென்றார், யார் செலவில் சென்றார், எத்தனை நாள் காத்திருந்தார், திரும்ப விரும்பியபோது திரும்ப இயன்றதா என்ற நான்கு வினாக்களையும் உடன் கேட்டல் வேண்டும். கணக்குப் பாடமாகத் தொடங்குவது அப்போது வரலாற்றுப் பாடமாகும்.

இப்பணிக்குத் தமிழாசிரியரே ஏற்றவர். தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகளில் பயிலும் மாணவர், தத்தம் குடும்பத்தின் வழியைத் தாமே எழுதி வரலாம். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எந்தத் துறை, எந்த முகாம், எந்த இரயில் நிலையம், எந்தத் தோட்டம் என்று ஏழு கட்டங்கள் கொண்ட ஒரு தாள் போதும். எல்லாக் கட்டங்களும் நிரம்பாமற் போகலாம். தாத்தா பாட்டியிடம் கேட்டு இரண்டு கட்டங்கள் நிரம்பினாலும் அது ஏட்டில் ஏறாதிருந்த வரலாறு ஏட்டில் ஏறியதாகும். பழைய கடப்பிதழ்களும் பிறப்புச் சான்றுகளும் கடித உறைகளும் பல வீடுகளின் தகரப் பெட்டிகளில் இன்னும் உள்ளன. கேட்பார் இன்றி அவை கரையானுக்கு இரையாகி வருகின்றன. அவற்றைப் படித்துப் பொருள் கூறத்தக்க முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கடலைக் கடக்க இன்று நான்கு மணி போதும். தகரப் பெட்டியைத் திறந்து ஊரின் பெயரைக் கேட்டு எழுதுவதற்கு அவ்வளவு நேரமும் வேண்டியதில்லை.